அசலைக் காப்போம்: புதிய காரின் வண்ணப்பூச்சைப் பேணும் முறை

கார்க் கடனை முழுவதும் செலுத்தி முடித்து, தடையின்மைச் சான்றிதழ் பெற்றுச் செல்ல வந்த வாடிக்கையாளர் ஒருவர் எங்களிடம் ஒரு வருத்தத்தைப் பகிர்ந்துகொண்டார். ஐந்தாண்டுத் தவணையில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர் அவர். காரையும் அதே ஒழுங்குடன் பேணியிருந்தார். குடியிருப்பில் காலைதோறும் கார் துடைக்கும் பணியாளருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஒரு நாளும் தூசியுடன் வண்டியை வெளியே எடுத்ததில்லை. ஆயினும், பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்கச் சென்றபோது, மதிப்பீட்டாளர் அதனை வெயிலில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலையையே கூறினாராம். கருநீல நிறக் காரின் மேற்பரப்பு முழுவதும் சிலந்தி வலையைப் போல நுண்கீறல்கள் படர்ந்திருந்தன. பானெட் மங்கியிருந்தது. "ஒரு நாள் விடாமல் துடைத்தேனே சார், அதற்கு இதுதானா பலன்?" என்று அவர் கேட்டார்.

அவருக்கு நாங்கள் கூற வேண்டியிருந்த விடை சற்றுக் கசப்பானது. ஒரு நாள் விடாமல் துடைத்ததுதான் காரணம். பராமரிப்பில் அவர் குறை வைக்கவில்லை. பராமரிக்கும் முறையில்தான் பிழை நேர்ந்துவிட்டது. புதிய கார் வாங்கியிருக்கும், வாங்கவிருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அதே வருத்தம் நேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பளபளப்பு எங்கே இருக்கிறது?

நம் கண்ணுக்கு ஒரே பூச்சாகத் தோன்றும் காரின் வண்ணம் உண்மையில் பல அடுக்குகளால் ஆனது. தொழிற்சாலையில் எஃகுத் தகடு முதலில் பாஸ்பேட் கரைசலில் பக்குவப்படுத்தப்படுகிறது. அடுத்து, முழு உடற்பகுதியும் ஒரு தொட்டியில் அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் உதவியால் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு ஏற்றப்படுகிறது. அதன்மேல் பரப்பைச் சமன் செய்யும் பிரைமர், அதற்கு மேல் நிறத்தைத் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத கிளியர் கோட் எனப்படும் தெளிபூச்சு ஆகியவை வருகின்றன.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கிளைகளில் நகலெடுக்கப் பயன்படும் வெள்ளைத் தாளின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான். அதாவது, பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய காரின் முழு வண்ணமும் ஒன்றரைத் தாளின் கனத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதில் தெளிபூச்சின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரைதான். பளபளப்பு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து கீழுள்ள நிறத்தைக் காக்கும் வேதிப்பொருள்களும் அதிலேயே உள்ளன.

அம்பாசடர், பத்மினி கார்களின் காலத்தில் நிறப்பூச்சே மேற்பூச்சாகவும் இருந்தது. அது வெயிலில் வெளுக்கும்போது பாலிஷ் போட்டுத் தேய்ப்பார்கள். துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொள்ளும். உள்ளிருந்து புதிய நிறம் தெரியும். அந்நாளைய பழக்கமே இன்றும் பலரிடம் தொடர்கிறது. ஆனால் இன்றைய காரில் ஒவ்வொரு தேய்ப்பும் தெளிபூச்சைக் குறைக்கிறது. வணிகவியல் மொழியில் கூறுவதானால், தெளிபூச்சு என்பது அசல். அதில் மீண்டும் வரவு வைக்க இயலாது. எடுப்பது மட்டுமே இயலும். தீர்ந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு முழுவதும் மறுபூச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கீறல் விழுவது எவ்வாறு?

சாலைத் தூசியில் நுண்ணிய மணல் துகள்கள் கலந்திருக்கின்றன. மணல் தெளிபூச்சைவிடக் கடினமானது. தூசி படிந்த காரை உலர்ந்த துணியாலோ, கொத்துத் துடைப்பானாலோ தட்டித் துடைக்கும்போது, அந்தத் துகள்கள் துணிக்கும் பூச்சுக்கும் இடையில் உருண்டு கோடு இழுக்கின்றன. ஒரு நாள் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஓராண்டில் முந்நூறு முறை துடைத்தபின் வெயிலில் பார்த்தால், விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு நிறங்களில் இவை தெளிவாகப் புலப்படும். வெள்ளையில் கீறல்கள் இல்லாமல் இல்லை. அவை மறைந்திருக்கின்றன, அவ்வளவே.

ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பத்து கார்களைத் துடைப்பது பெருநகரக் குடியிருப்புகளில் நாம் அன்றாடம் காணும் காட்சி. முதல் காரின் மணல் பத்தாவது காருக்கும் போய்ச் சேருகிறது. அந்தப் பணியாளரைக் குறை கூறுவதில் பொருளில்லை. அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் துணியும் அவ்வளவே. அவரது வருமானம் குறையாமலேயே இதைச் சரிசெய்யும் வழியைக் கட்டுரையின் முடிவில் கூறியுள்ளோம்.

கழுவும் முறை

வாரத்திற்கு ஒரு முறை, அல்லது இரண்டு வாரத்திற்கு ஒரு முறை முறையாகக் கழுவினால் போதுமானது. அதற்கான வரிசை இது.

முதலாவதாக, காரை நிழலில் நிறுத்தி, பானெட் கைக்குச் சூடில்லாத அளவுக்கு ஆறிய பின்னரே தொடங்க வேண்டும். சூடான தகட்டில் ஷாம்புவும் தண்ணீரும் உடனே உலர்ந்து கறையாகிவிடும்.

இரண்டாவதாக, துணி படுவதற்கு முன் வெறும் தண்ணீரால் தூசியை வழிந்தோடச் செய்ய வேண்டும். கீறலைத் தவிர்ப்பதில் பாதி வேலை இந்த ஒரு படியிலேயே முடிந்துவிடுகிறது. வாட்டர் வாஷ் நிலையங்களில் அழுத்தக் குழாயைப் பயன்படுத்தும்போது, முனையை ஓரடிக்கும் குறையாத தொலைவில் வைக்குமாறு கூறுங்கள். கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடத்தில் அழுத்தமான நீர் பட்டால் பெயர்ப்பு பெரிதாகும்.

மூன்றாவதாக, இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் கையுறையையோ துணியையோ ஷாம்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், அதை வெறும் நீரில் அலசி மணலை அங்கேயே விட்டுவிட்டு, மீண்டும் ஷாம்பு நீருக்குச் செல்ல வேண்டும். கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானெட், கதவுகளின் மேற்பாதி, கீழ்ப்பாதி என்று இறங்கி வர வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி தேவை. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் அங்கே ஒட்டியிருக்கும்.

நான்காவதாக, துணி துவைக்கும் தூளும், பாத்திரம் துலக்கும் சோப்பும் வேண்டவே வேண்டாம். துவைக்கும் தூள் காரத்தன்மை மிகுந்தது. பாத்திர சோப்பு எண்ணெய்ப் பசையை நீக்குவதற்கென்றே செய்யப்பட்டது. காரின் மேலிருக்கும் மெழுகையும் சேர்த்து நீக்கிவிடும். மினுமினுப்புக்காக டீசல் அல்லது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கமும் உண்டு. அன்று மாலை வரை மினுங்கும். மறுநாள் அந்தப் பசையில் தூசி இரட்டிப்பாக ஒட்டும்.

ஐந்தாவதாக, கழுவிய காரைத் தானே உலர விடக்கூடாது. போர்வெல் நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும். சுத்தமான பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்து, மெல்ல இழுத்து ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். புள்ளிகள் ஏற்கெனவே படிந்திருந்தால், வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து துணியில் நனைத்துச் சில நொடிகள் ஒற்றி, உடனே நல்ல நீரால் அலசிவிடலாம்.

கீழே விழுந்த துணியை மீண்டும் காரில் வைக்காதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும்.

தண்ணீரும் நம் பொறுப்பும்

2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரால் கார் கழுவுவதைத் தடை செய்து, மீறினால் ரூ.5,000 அபராதம் என்று அறிவித்தது. அதே ஆண்டு கோடையில் தில்லி அரசும் குழாய் பிடித்துக் கார் கழுவுவோருக்கு ரூ.2,000 அபராதம் அறிவித்தது. எனவே உங்கள் நகரின் விதிகளை அறிந்துகொள்வது நல்லது. இரண்டு வாளி முறையில் கழுவினால், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட மிகக் குறைந்த நீரே செலவாகும். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைச் சேமித்து இறுதி அலசலுக்குப் பயன்படுத்தினால் வெண்புள்ளியும் விழாது.

காத்திருக்கக் கூடாத கறைகள்

சில கறைகள் வாராந்திரக் கழுவலுக்குக் காத்திருக்கக் கூடாதவை. முதலிடம் பறவை எச்சத்திற்கு. அதிலுள்ள யூரிக் அமிலம் தெளிபூச்சை அரிக்கும். வெயிலில் பூச்சு இளகி, மாலையில் எச்சத்தோடு சேர்ந்து இறுகும்போது அதன் வடிவம் பள்ளமாகவே பதிந்துவிடும். புது தில்லிச் சாலையோர நாவல் மரங்கள் பழுக்கும் பருவத்தில் அவற்றின் கீழ் காரை நிறுத்தியவர்கள் இதை நன்கு அறிவார்கள். உலர்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, பிறகு மேல்நோக்கி எடுத்துவிட வேண்டும். ஒரு தண்ணீர்ப் புட்டியும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் காரிலேயே இருப்பது நலம்.

மரப்பிசின், நெடுஞ்சாலைப் பயணத்தில் மோதி ஒட்டும் பூச்சிகள், தார்த் துளிகள் ஆகியவற்றையும் அன்றே நீக்க வேண்டும். தாருக்கு அதற்கென விற்கும் நீக்கியைப் பயன்படுத்தி, பின்னர் ஷாம்பு நீரால் கழுவிவிடுங்கள். மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்று, கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடத்தின் வழியே தகட்டைத் துருவேற்றும். அத்தகைய சிறு பெயர்ப்புகளை டச்அப் பெயிண்ட் கொண்டு உடனே மூடிவிட வேண்டும். வட மாநிலங்களில் புழுதிக் காற்று அடித்த மறுநாள் காரைத் தொடாமல் முதலில் தண்ணீர் விடுங்கள்.

புதிய காருக்குப் பூசை போடுவது நம் மரபு. மஞ்சளும் குங்குமமும் நாள்கணக்கில் இருந்தால் வெள்ளைக் காரில் கறை தங்கிவிடக்கூடும். பொட்டைக் கண்ணாடியில் வைக்கலாம். பானெட்டில் வைத்தால் அன்று மாலையே ஈரத்துணியால் எடுத்துவிடலாம். மாலையைக் கட்டும்போது கம்பி பூச்சில் உரசாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஹோலி நாளில் காரைச் சாலையோரம் நிறுத்தாமலிருப்பதே சிறந்தது.

உறை போட்டு மூடுவதிலும் ஒரு நெறி உண்டு. தூசி படிந்த காரின் மேல் உறையைப் போட்டால், காற்றில் உறை அசையும்போதெல்லாம் அதுவே உப்புத்தாளாக உரசும். ஈரமான காரை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். கழுவி உலர்ந்த காருக்கு மட்டுமே உறை.

மெழுகு வேறு, பாலிஷ் வேறு

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் நேரும் இழப்பு பெரிது. பாலிஷ், ரப்பிங் காம்பவுண்ட் ஆகியவற்றில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் உள்ளன. அவை தெளிபூச்சைச் சீவிச் சமன் செய்து கீறலை மறைக்கின்றன, அசலிலிருந்து எடுக்கின்றன. மெழுகு எதையும் எடுப்பதில்லை. தெளிபூச்சின் மேல் ஒரு மெல்லிய தியாக அடுக்காக இருந்து, வெயிலையும் கறையையும் முதலில் தான் ஏற்றுக்கொள்கிறது. புதிய காருக்கு வேண்டியது மெழுகு. ஒவ்வொரு சர்வீஸின்போதும் பாலிஷ் செய்யச் சொல்வது தேவையற்றது.

கார்னாபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலைகளிலிருந்து கிடைக்கிறது. நல்ல மினுமினுப்பைத் தரும். நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதங்களே தாங்கும். செயற்கை சீலன்ட் சில மாதங்கள் கூடுதலாக நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும் வரை மெழுகு இருக்கிறது. தாள்போலப் பரவி நின்றால் மீண்டும் பூச வேண்டிய காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

பூசுவது எளிது. கழுவி உலர்ந்த, குளிர்ந்த பரப்பில், ஒரு நேரத்தில் ஒரு பகுதியாக, மிக மெல்லியதாகத் தடவி, வெண்படலமாக மாறியதும் சுத்தமான துணியால் மெல்லத் துடைத்தெடுக்க வேண்டும். கனமாகப் பூசினால் பயன் கூடுவதில்லை, துடைப்பதுதான் கடினமாகும். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தடம் நிற்கும். மேட் வண்ணக் கார்களுக்கு மெழுகும் பாலிஷும் ஆகா.

புதிய காருக்கு எப்போது மெழுகு பூசலாம் என்று பலர் கேட்கின்றனர். தொழிற்சாலைப் பூச்சு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூளையில் பதப்படுத்தப்பட்டது. ஆகவே முதல் வாரத்திலேயே பூசலாம். விபத்துக்குப்பின் பணிமனையில் மறுபூச்சு செய்த பகுதி அவ்வாறன்று. அது முழுவதும் இறுக ஒன்றிரண்டு மாதங்கள் ஆகலாம். அதுவரை மெழுகு வேண்டாம்.

கடனோடு சேர்ந்து வரும் கோட்டிங்

ஷோரூமில் ஆன்ரோடு விலைப் பட்டியலைத் தரும்போது, அதில் டெஃப்லான், செராமிக் போன்ற கோட்டிங் ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கலாம். "கடனோடு சேர்ந்துவிடும், தவணையில் தெரியவே தெரியாது" என்று கூறப்படுவதை நாங்கள் பல வாடிக்கையாளர்கள் வாயிலாக அறிந்துள்ளோம். கணக்கைப் பாருங்கள். ரூ.15,000 கோட்டிங் தொகை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடனில் சேர்ந்தால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.241 கூடும். 84 மாதங்களில் செலுத்தும் மொத்தம் ரூ.20,270 அளவில் வரும். கோட்டிங் இரண்டு ஆண்டுகளில் தேய்ந்த பின்னும், ஐந்து ஆண்டுகள் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

கோட்டிங் பயனற்றது என்று நாங்கள் கூறவில்லை. சிலிக்கன் டை ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட செராமிக் கோட்டிங், முறையாகப் பூசினால் மெழுகைவிட நீண்டகாலம் நிற்கும், கழுவுவதும் எளிதாகும். ஆனால் கல் தெறிப்பையோ, தவறாகத் துடைப்பதால் விழும் கீறலையோ அது முழுவதும் தடுக்காது. கல் தெறிப்பைத் தாங்குவது பாலியூரித்தேன் பாதுகாப்புப் படலம். அதன் விலை பன்மடங்கு. வேண்டுமென்று முடிவு செய்தால், சேமிப்பிலிருந்து தனியாகச் செலுத்துங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். அதற்கான பராமரிப்பு நிபந்தனைகளையும் படியுங்கள். வேண்டாமென்றால், பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விநியோகத்தின்போது காரைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். இரவு விளக்கொளியில் கீறலும் மறுபூச்சும் தெரிவதில்லை.

கீறலுக்குக் காப்பீடு கோரலாமா?

இயல்பான தேய்மானத்தைக் காப்பீடு ஏற்பதில்லை. துடைத்ததால் மங்கிய பூச்சுக்கு இழப்பீடு கிடையாது. விபத்தால் விழுந்த கீறலுக்கு உண்டு. ஆனால் கோருவதற்கு முன் ஒரு கணக்குப் போடுவது நன்று.

எடுத்துக்காட்டாக, ஒரு கதவுக்கு மறுபூச்சுச் செலவு ரூ.6,000 என்று கொள்வோம். வழக்கமான பாலிசியில், மொத்தமாகப் போடப்பட்ட பெயிண்டிங் பில்லில் 25 சதவீதம் பொருள் செலவாகக் கொள்ளப்பட்டு, அதில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும், அது ரூ.750. 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு நாம் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை ரூ.1,000. கைக்கு வருவது ரூ.4,250.

இழப்பது என்ன? கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று உயர்ந்து செல்கிறது. இரண்டாம் ஆண்டில் கோரிக்கை வைத்தால், அடுத்த புதுப்பித்தலில் கிடைக்கவிருந்த 25 சதவீதம் போய்விடும். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.14,000 எனில் அது ரூ.3,500. அதற்கடுத்த ஆண்டு 35க்குப் பதிலாக 20 சதவீதமே கிடைக்கும்; பிரீமியம் மாறாதிருந்தால் இழப்பு ரூ.2,100. இரண்டும் சேர்ந்து ரூ.5,600. நான்காயிரத்துச் சொச்சம் பெறுவதற்கு ஐயாயிரத்து அறுநூறை இழப்பது இலாபமன்று. பெரிய சேதத்திற்கு இக்கணக்கு மாறும். தேய்மானமற்ற பாலிசி, போனஸ் பாதுகாப்பு ஆகிய கூடுதல் காப்புகள் இருந்தாலும் மாறும். உங்கள் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

மறுபூச்சு மறுவிற்பனையிலும் தெரியும். பழைய கார் மதிப்பீட்டாளர்கள் பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவியை வைத்துப் பார்க்கின்றனர். மற்ற பகுதிகள் 120 மைக்ரான் காட்ட, ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் காரணம் கேட்பார்கள். பணிமனை பில்லைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், சிறு கீறலுக்குச் செய்த பூச்சு பெரிய விபத்தாக எண்ணப்படாது.

நிறைவாக

முதலில் கூறிய வாடிக்கையாளர் இப்போது மீண்டும் நம் வங்கியிலேயே கடன் பெற்றுப் புதிய கார் வாங்கியுள்ளார். அதே பணியாளர்தான் இப்போதும் வருகிறார், அதே சம்பளம்தான். மாறியது வேலை மட்டும். வாரநாள்களில் அவர் கண்ணாடிகளையும் விளக்குகளையும் எண்பலகையையும் மட்டும் ஈரத்துணியால் துடைக்கிறார். உட்புறத்தைத் தூய்மை செய்கிறார். ஞாயிறன்று இரண்டு வாளிகளுடன் முழுக் கழுவல். அந்தக் காருக்கென நான்கு மைக்ரோஃபைபர் துணிகளை வாடிக்கையாளரே வாங்கிக் கொடுத்திருக்கிறார். "முதல் வாரம் தூசியோடு ஆபீசுக்குப் போக எனக்குத்தான் கூச்சமாக இருந்தது" என்று சிரித்தார்.

தூசி கழுவினால் போய்விடும், கீறல் போகாது. மாதந்தோறும் தவணை கட்டி நாம் சொந்தமாக்கிக்கொள்ளும் பொருள் கார். கடன் முடியும் நாளில் அது நல்ல மதிப்புடன் நம் கையில் இருக்க வேண்டுமானால், அந்த 50 மைக்ரான் அசலில் முதல் நாளிலிருந்தே கை வைக்காதிருப்போம்.